துணிக்கு அந்தப் பக்கம்

போன மாதம் லகாட்டுக்குப் பக்கத்தில், ஈயம் தோண்டிய பழைய லம்பம் இருந்த மணல்வெளியில், காருக்குள் உட்கார்ந்தபடியே படம் பார்க்கிற நிகழ்ச்சி ஒன்று நடத்தினார்கள். காற்றடைத்த பெரிய திரை. வரிசை வரிசையாகக் கார்கள். சத்தம் அவரவர் கார் ரேடியோவில் வந்துவிடுகிறது. ஏற்பாடு செய்தவர்களில் ஒருவன் தினேஷ், ஈப்போவில் என் பக்கத்து வீட்டுக்காரரின் மகன். வேலையில் இருந்த காலத்தில் நான் படவண்டியில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் போட்டவன் என்பது அவனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அதன் பிறகு என்னை விடவில்லை.

"அங்கிள், நீங்க வந்து ரெண்டு வார்த்த பேசணும்லா. அப்பெல்லாம் செம ஜாலியா இருந்திருக்கும், இல்ல?"

ஜாலி. ஜெனரேட்டரைத் தூக்கி இறக்கியே என் இடுப்பு போனது. மழையில் நனைந்த திரைத்துணியைப் பிழிந்து மடித்து எடுத்துக்கொண்டு வீடு வந்து, மறுநாள் அதே துணியைக் காயப்போட்டுக் காவல் இருந்திருக்கிறேன். இதையெல்லாம் மைக்கில் சொன்னால் பிள்ளைகளின் முகம் வாடிப்போகும். அதனால், "ஆமாம், நன்றாகத்தான் இருந்தது" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். கைதட்டினார்கள். நினைவுப்பரிசாக ஒரு குடை கொடுத்தார்கள்.

காருக்குள் உட்கார்ந்து முட்டி பிடித்துக்கொண்டது. இறங்கி நடந்தேன். கால் தானாகவே திரையின் பின்பக்கம் கொண்டுபோய் விட்டது. அங்கே ஒன்றுமில்லை. பின்பக்கம் முழுதும் கறுப்பு ரப்பர். காற்றடிக்கும் மிஷின் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. தினேஷ் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடிவந்தான்.

"அங்கிள், இங்கேருந்து ஒண்ணும் தெரியாது. முன்னுக்கு வாங்க."

"தெரியாதான்னு பாக்கத்தான் வந்தேன்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. புரியும்படி எழுதிக் கொடுங்கள், எங்கள் இணையப் பக்கத்தில் போடுகிறோம் என்றான். எழுதுகிறேன், ஆனால் ஜாலியாக இருக்காது என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

நான் பிறந்தது சுங்காய்க்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே செம்பனைதான் நிற்கிறது. நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயம் இருந்த இடத்தைக் காட்டச் சொன்னால் எனக்கே காட்டத் தெரியாது. அப்போது நடுவில் ஒரு திடல். திடலுக்கு மேட்டுப் பக்கம் ஆபீஸ், கணக்கெழுதும் கிராணிமார் வீடுகள், தார் ரோடு. பள்ளத்துப் பக்கம் எங்கள் லயங்கள், அதற்கும் திடலுக்கும் நடுவில் ஒரு லோங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய். மாதம் ஒரு தடவை தோட்ட நிர்வாகம் படம் போடும். ஈப்போவிலிருந்து வண்டி வரும். திடல் நடுவில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணியைக் கட்டுவார்கள். வண்டி தார் ரோட்டில், ஆபீஸ் பக்கம் நிற்கும். அங்கிருந்துதான் ஒளி வரும். ஆகவே ஆபீஸ் பக்கம்தான் முன்பக்கம். அங்கே பெரிய கிராணி வீட்டு நாற்காலிகள், அதற்குப் பின்னால் மற்றக் கிராணிமார், எங்களை வேலை வாங்கும் மண்டோர் குடும்பங்கள். லயத்து ஜனம் முழுக்க துணிக்கு அந்தப் பக்கம், கோணியையும் பாயையும் விரித்து உட்கார்ந்துகொள்ளும்.

மெல்லிய துணி. படம் பின்பக்கமும் தெரியும். ஆனால் வலது இடதாகவும் இடது வலதாகவும் தெரியும். எழுத்தெல்லாம் திரும்பிக்கொண்டு இருக்கும். எங்களுக்கு எழுத்து தெரிந்தால்தானே அது குறையாகப்படும்? எங்கள் கதாநாயகர்கள் எல்லோரும் இடது கையால் குத்துவிட்டார்கள், இடது கையால் சோறு தின்றார்கள், வலது மணிக்கட்டில் கடிகாரம் கட்டினார்கள். அதைப் பார்த்து எங்கள் தோட்டத்து இளவட்டங்களும் கடிகாரத்தை வலது கையில் கட்டினார்கள், வகிட்டை மாற்றி எடுத்தார்கள். சினிமா மாதிரி சேலை கட்டப் பழகின பெண்கள் சிலர் முந்தானையை வலது தோளில் போட்டுக்கொண்டார்கள். ஒரு கல்யாணத்துக்குப் பாகான் செராயிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எங்கள் ஆட்களுக்கு விளங்கவில்லை. சுங்காய் கடைத்தெருவில் வலது கைக் கடிகாரத்தைப் பார்த்தே எங்கள் தோட்டத்துப் பையன் என்று சொல்லிவிடுவார்கள்.

அந்தப் பக்கம் உட்காரச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை. கயிறு கட்டவில்லை. லயத்திலிருந்து வந்தால் முதலில் வருவது அந்தப் பக்கம்தான், அவ்வளவுதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், தோட்டப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பிக்கிற வரைக்கும்.

வாசிக்கத் தெரிந்த கர்வத்தில் ஒரு தடவை படத்தின் பெயரை வாசிக்கப் பார்த்தேன். முடியவில்லை. எழுத்தெல்லாம் தப்பாக இருக்கிறது என்று அழுதேன். என் அம்மா பால்மரம் வெட்டுகிறவள், அதிகாலையில் எழுந்து போனவள், களைப்பில் கண் செருகிக்கொண்டிருந்தாள். என் தொல்லை தாங்காமல் கையைப் பிடித்துக்கொண்டு துணியைச் சுற்றி அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். எழுத்து நேராக இருந்தது. இரண்டு வார்த்தைதான் வாசித்திருப்பேன். பெரிய கிராணியின் மனைவி நாற்காலியிலிருந்து திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. சிரித்த முகமாகவே சொன்னார்.

"பிள்ளைக்கு ஒண்ணுக்கு வந்திருக்குப்போல. இங்க வேணாம், அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போ."

எனக்கு ஒன்றுக்கு வரவில்லை. அம்மா, "ஆமாங்கம்மா" என்றாள். என்னை இழுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். வந்து உட்கார்ந்ததும், "எழுத்து எப்படி இருந்தா என்னடா, கதை ஒண்ணுதான்" என்றாள். எனக்கு அந்த "ஆமாங்கம்மா"தான் இன்றைக்கு வரைக்கும் ஆறாமல் இருக்கிறது. யாராவது அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன்.

பிறகு வளர்ந்தேன், படிப்பு ஏறவில்லை, ஈப்போவுக்கு வந்தேன். கொஞ்ச காலம் லோரிப் பட்டறை, கொஞ்ச காலம் சாப்பாட்டுக்கடை. பட்டறைக்குப் படவண்டி ஒன்று பழுதுபார்க்க வந்தது. அதன் ஆபரேட்டருக்குக் கூடமாட வேலை செய்ய ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். ஆசைப்பட்டு வந்தேன் என்று சொன்னால் பொய்.

ஆபரேட்டர் பெயர் சாமுவேல். பாகான் செராய்க்காரர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வேத வசனம் வாசிக்கிறவர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத காற்சட்டை. ஜெனரேட்டரில் எண்ணெய் ஊற்றினாலும் சட்டையில் ஒரு பொட்டு படாது. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் "பாப்போம்" என்பார். லீவு வேண்டும் அண்ணே என்றாலும் பாப்போம், மழை வருமா அண்ணே என்றாலும் பாப்போம். அது சம்மதமா மறுப்பா என்று கண்டுபிடிக்கவே எனக்கு வருடங்கள் ஆயின.

வேலையில் மட்டும் அவருக்குப் பாப்போம் கிடையாது. தோட்டத்தில் இறங்கியதும் முதலில் பேச்சு வார்த்தை இல்லாமல் திடலை ஒரு சுற்று நடப்பார். விரலை எச்சிலில் நனைத்துத் தூக்கிப் பிடித்துக் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். துணியில் அங்கங்கே அரைவட்டமாகக் கீறித் தைத்திருக்கும், காற்று புகுந்து வெளியேற. அது இல்லாவிட்டால் துணி பாய்மரம் மாதிரி உப்பிக் கம்பத்தையே சாய்த்துவிடும். துணியைக் கீழிருந்து மேலே கட்டக்கூடாது, மேல் இரண்டு முனையை முதலில், அப்புறம் கீழ் முனை, கடைசியில் பக்கவாட்டுக் கயிறு. ஒரு முடிச்சு சுருக்காக விழுந்தாலும் அவிழ்த்து மறுபடி போடச் சொல்வார். ஜெனரேட்டர் காற்றுக்குக் கீழ்ப்பக்கம் தூரத்தில் இருக்க வேண்டும், புகையும் சத்தமும் ஜனத்தின் மேல் போகாமல். மிஷினில் பிலிம் ஓடுகிற சின்னச் சன்னலை ஒரு பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு சுருளுக்கும் துடைப்பார்.

"ஒரு முடி கெடந்தாக்கூட அங்க கயிறு மாதிரி தெரியும் தம்பி. கதாநாயகி மூஞ்சியில கயிறு ஆடுனா யாரு அழுவா?"

எங்களிடம் மிஷின் ஒன்றுதான். ஒரு சுருள் முடிந்தால் விளக்கைப் போட்டு, அடுத்த சுருளைக் கோத்து, மறுபடி ஓட்ட வேண்டும். அந்த இடைவெளியில்தான் ஜனம் கச்சான் கடலை வாங்கும், பிள்ளைகளைத் தேடும், சண்டை போடும். முதல் வருடம் முழுக்க நான் துணி கட்டினேன். அப்புறம் சுருள் மாற்றக் கற்றுக்கொண்டேன். அதற்கு மேல் அந்தப் பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்ததும் தோட்டங்கள் வண்டியைக் கூப்பிடுவதை நிறுத்தின. ஈப்போவில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தேன். அது மூடித் தளவாடக் கடையானது. கடைசியில் ஒரு பேரங்காடியின் திரையரங்கில், கணினியில் நேரத்தைத் தட்டிவிட்டால் தானே ஓடுகிற மிஷின்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஓய்வு பெற்றேன். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. இடுப்புக்கு நல்லது. போனது போகட்டும் என்று இருக்கிறவனை இந்தப் பையன்கள்தான் கிளறுகிறார்கள்.

கிளறினால் ஒரே ஒரு மாலைதான் மேலே வருகிறது.

எங்கள் வண்டி சுற்றுகிற தோட்டங்களில் என் தோட்டமும் ஒன்று. மாதம் ஒரு தடவை, சொந்தத் தோட்டத்துக்கே படக்காரனாகப் போவேன். அம்மா தனியாக லயத்தில் இருந்தாள். ஈப்போவுக்கு வந்துவிடு என்றால் கேட்கமாட்டாள், விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாவிட்டால் கை கால் ஓடாது என்பாள். போகிற அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவள் கையால் பசியாற நேரமிருக்காது. துணி கட்டவும் வயர் இழுக்கவுமே பொழுது சரியாகிவிடும். படம் முடிந்ததும் சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். லோங்காங் ஓரம் நின்று இரண்டு வார்த்தை பேசுவோம், ஒரு பொட்டலம் கொடுப்பாள், அவ்வளவுதான். அப்புறம் அவள் வழக்கம்போல் துணிக்கு அந்தப் பக்கம். நான் ஆபீஸ் பக்கம், கிராணி வீட்டு நாற்காலிகளுக்குப் பின்னால், வண்டியில்.

ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியும். படம் போடுகிறவனே நான். என் அம்மா மட்டும் திரும்பின படத்தைப் பார்க்கிறாள். முன்பக்கம் வந்து உட்காரம்மா, யார் கேட்கிறார்கள் பார்ப்போம் என்றால், "எனக்கு எதுக்குடா வம்பு" என்பாள். அந்த "ஆமாங்கம்மா" என் காதில் கேட்கும். சரி, அவள் வரமாட்டாள் என்றால் முன்பக்கத்தையே அவளிடம் கொண்டுபோய்விடுவது என்று முடிவு செய்தேன். வண்டி எந்தப் பக்கம் நிற்கிறதோ அதுதானே முன்பக்கம்?

"அண்ணே, ஒரு தடவ வண்டிய லயத்துப் பக்கம் நிறுத்துவோம்ணே."

"பாப்போம்."

எத்தனை மாதம் கேட்டேனோ. ஒரு தடவை ஏன் என்று கேட்டார். அம்மாவைப் பற்றி, நான் எழுத்து வாசிக்கப் போனதைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே பிரஷ்ஷைத் துடைத்து டப்பாவில் வைத்தார்.

அடுத்த மாதம் போனபோது, தார் ரோட்டில் திரும்ப வேண்டிய இடத்தில் வண்டியைத் திருப்பாமல் லயத்து மண்பாதையில் விட்டார். லோங்காங் ஓரம் நிறுத்தி இறங்கிப் பார்த்தார். வண்டியில் இரண்டு தடித்த பலகைகள் கிடந்தன. அவை எப்போது வண்டிக்குள் வந்தன என்று எனக்குத் தெரியாது.

"எறங்கு தம்பி. பலகையப் போடு."

பலகை வளைந்து முனகியது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கடந்துவிட்டோம். துணியை லயத்தைப் பார்த்து இறுக்கிக் கட்டினோம். வயரை இழுத்துக்கொண்டிருக்கும்போதே பெரிய கிராணி வந்துவிட்டார். அதே பெரிய கிராணிதான், தலை நரைத்துத் தொப்பை போட்டிருந்தார். அவர் மாதாமாதம் கையெழுத்துப் போட்டால்தான் எங்கள் வண்டிக்கு அந்தத் தோட்டம். அவர் ஒரு வார்த்தை ஈப்போ முதலாளிக்குச் சொன்னால் சாமுவேல் அண்ணனுக்கு வேலை இருக்காது. அண்ணனுக்கு வீட்டில் பெண் பிள்ளைகள், ஒருத்திக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அது தெரிந்தும் நான் கேட்டிருந்தேன், அவரும் செய்திருந்தார்.

"என்ன சாமுவேல், வண்டி இடம் மாறி நிக்குது?"

"காத்துங்கய்யா. இன்னைக்கு மாறி அடிக்குது. அந்தப் பக்கம் போட்டா துணி வீங்கும், படம் ஆடும்."

காற்றே இல்லை. கம்பத்துக் கயிறுகூட அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேத வசனம் வாசிக்கிற மனிதர், கண்ணைச் சிமிட்டாமல் பொய் சொன்னார். பெரிய கிராணி வானத்தைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"இவன் நம்ம லயத்துப் பையன்தானே?"

"ஆமாங்கய்யா. நல்லா வேல கத்துக்கிட்டான்" என்றார் சாமுவேல் அண்ணன்.

"அடுத்த மாசம் காத்து சரியாகிரும்னு நெனைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பெரிய கிராணி போனார். அதில் இருந்த மிரட்டல் எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கியது.

இருட்டியது. அம்மா வந்தாள். வண்டிக்கு நேர் முன்னால், நல்ல இடமாகப் பார்த்து அவள் பாயை நானே விரித்துவிட்டேன். அவளைச் சுற்றி லயத்து ஜனம். முதல் முறையாக ஒளி அவர்கள் தலைக்கு மேலே போய்த் துணியில் விழுந்தது. படத்தின் பெயர் நேராக வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாமுவேல் அண்ணன் பார்க்காத மாதிரி லென்ஸைத் திருகிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம்தான். கூட்டத்தில் சலசலப்பு ஆரம்பித்தது. கதாநாயகன் முதல் குத்து விட்டதும் ஒரு கிழவர் எழுந்தேவிட்டார்.

"என்னடா இது, கைய மாத்திட்டான்?"

"வகிடும் மாறிப்போச்சு பாரு. இது அவன் தம்பியா இருக்கும்."

"தம்பியுமில்ல ஒண்ணுமில்ல. பிலிமத் திருப்பிப் போட்டுட்டானுங்க."

எங்கள் லயத்து முனியம்மாக்கா வண்டிக்கே வந்துவிட்டார். "தம்பி, நம்ம தோட்டம்னு அலட்சியமா? ஒழுங்காப் போடுடா. கண்ணு வலிக்குது."

"அக்கா, இதுதான் ஒழுங்கு. நீங்க இத்தன வருஷமாப் பாத்ததுதான் தப்பு."

"இத்தன வருஷமா தப்பா இருந்தா எங்களுக்குத் தெரியாதாலா?" என்று கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

முதல் சுருள் முடிந்து விளக்கைப் போட்டோம். அந்தப் பக்கத்திலிருந்து பெரிய கிராணி வீட்டு நாற்காலிகள் ஒவ்வொன்றாகத் துணியைச் சுற்றி வந்தன. தோட்டக்காரன் தூக்கிவர, அம்மையார் பின்னால் வந்தார். அவர்களுக்கு எழுத்து வாசிக்கத் தெரியும், திரும்பின படம் எப்படிப் பிடிக்கும்? நாற்காலிகள் வந்ததும் முன்வரிசை ஜனம் ஒதுங்கியது. யாரும் போகச் சொல்லவில்லை. எல்லோரும் கோணியைச் சுருட்டிக்கொண்டு துணியைச் சுற்றி அந்தப் பக்கம் போக ஆரம்பித்தார்கள். சிலர் நாற்காலிக்குப் பயந்து போனார்கள். நிறையப் பேர், சத்தியமாகச் சொல்கிறேன், படத்தைச் சரியாகப் பார்ப்பதற்காகவே போனார்கள். இரண்டாவது சுருள் பாதி ஓடுவதற்குள் கிராணிமார் எல்லோரும் முன்பக்கம், லயத்து ஜனம் எல்லாம் பின்பக்கம். வண்டி மட்டும்தான் இடம் மாறியிருந்தது.

சாமுவேல் அண்ணன் என்னைப் பார்த்தார். குத்திக்காட்டவில்லை. தோளில் கையை மட்டும் வைத்தார். அந்தக் களைப்பை எப்படிச் சொல்வது? ஒரு மனிதரின் வேலையைப் பணயம் வைத்து, வண்டியைச் சாக்கடை தாண்ட வைத்து, ஒரு பொய்யும் சொல்ல வைத்து, கடைசியில் இதுதான் கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தூக்கின பாரமெல்லாம் ஒன்றாகத் தோளில் ஏறின மாதிரி இருந்தது. ஜனங்களின் மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அப்போதுதான் அம்மாவின் இடத்தைப் பார்த்தேன். பாயும் இல்லை, அவளும் இல்லை. அந்த இடத்தில் பெரிய கிராணியின் மனைவி நாற்காலி போட்டிருந்தார்.

"போய்ட்டு வா. நான் பாத்துக்கிறேன்" என்றார் சாமுவேல் அண்ணன்.

துணியைச் சுற்றி ஓடினேன். ஆபீஸ் பக்கத்துப் புல்லில், கிராணி வீட்டுச் செம்பருத்தி வேலிக்குக் கிட்டே, மற்ற எல்லோரையும் விட்டுக் கொஞ்சம் தள்ளித் துணிக்கு நேர் நடுவில் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ விரட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

"யாரும்மா ஒன்னப் போகச் சொன்னது?"

"யாரும் சொல்லல. ஏன்டா கத்துற?"

"அப்புறம் ஏன் எந்திரிச்சு வந்த? ஒனக்காகத்தானே வண்டியவே திருப்பினேன். அண்ணனுக்கு வேலயே போயிரும் தெரியுமா? ஒரு தடவையாச்சும் நேராப் பாக்க மாட்டியா?"

அம்மா பாயில் நகர்ந்து இடம் விட்டாள்.

"ஒக்காரு."

"வேல கெடக்கும்மா."

"ஒக்காருன்னா ஒக்காரு."

உட்கார்ந்தேன். துணியில் கதாநாயகி திரும்பின முகத்தோடு அழுதுகொண்டிருந்தாள். அம்மா விரலை நீட்டினாள். படத்தை இல்லை, படத்துக்கு நடுவில். அங்கே, துணியின் நெய்த இழைகளுக்குள்ளேயே, ஒரு வெளிச்சப் பொட்டு தெரிந்தது. படம் மாறிக்கொண்டே இருந்தது, அது மட்டும் அசையாமல் அதே இடத்தில் நின்றது. எங்கள் மிஷின் லென்ஸின் வெளிச்சம். பின்பக்கம் இருந்து பார்த்தால் துணியைத் தாண்டி நேராக மிஷின்தான். முன்பக்கம் உட்கார்ந்தவர்கள் யாருக்கும் அது தெரியாது. அவர்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறார்கள்.

"அங்க ஒக்காந்தா நீ என் முதுகுக்குப் பின்னால நிக்கிற" என்றாள் அம்மா. "இங்க ஒக்காந்தா எதுத்தாப்ல நிக்கிற. அந்த வெளிச்சம் அணைஞ்சா நீ சுருள் மாத்துறன்னு தெரியும். மறுபடி எரிஞ்சா மாத்திட்டன்னு தெரியும். மாசத்துக்கு ஒருக்கா வார. வந்தாலும் ரெண்டு வார்த்த பேச நேரமில்ல ஒனக்கு. அதான் படம் முடியற வரைக்கும் ஒன்னப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"படத்த யாருடா பாத்தா?" என்றாள்.

அந்தப் பக்கத்திலிருந்து சாமுவேல் அண்ணனின் விசில் சத்தம் கேட்டது. சுருள் முடியப் போகிறது. எழுந்து ஓடினேன்.

பெரிய கிராணி ஈப்போவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அன்றைக்கு நல்ல இடம் கிடைத்துவிட்டதே, என்ன சொல்வார்? அடுத்த மாதம் வண்டியைப் பழைய இடத்திலேயே நிறுத்துங்கள் அண்ணே என்று நானே சொன்னேன். சாமுவேல் அண்ணன் காரணம் கேட்கவில்லை. பலகைகளை இறக்கிப் பட்டறையில் போட்டுவிட்டார்.

அந்த மாதம் பழைய இடத்தில் நின்று இரண்டாவது சுருளைக் கோத்து மிஷின் விளக்கைப் போட்டதும், படம் ஆரம்பிக்கும் முன்னால், லென்ஸுக்கு எதிரில் கையை நீட்டி ஆட்டினேன். துணி முழுக்க என் கை நிழல் ஆடியது. நாற்காலிகளிலிருந்து கத்தினார்கள், கையை எடுடா மடையா என்றார்கள். நான் இன்னும் கொஞ்ச நேரம் ஆட்டினேன். அந்தப் பக்கம் இருட்டில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.